கெஜக் குளத்தில் வளர்ந்த உலகம்: அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் வெளிநாட்டு மாணவர்கள்

உலகின் பெரும்பாலான நாடுகளில் உயர்நிலை நீச்சல் பயிற்சி ஊர்க் கழகங்களின் பொறுப்பாகவோ அரசு விளையாட்டுத் துறையின் பொறுப்பாகவோ இருந்து வருகிறது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. அமெரிக்காவிலோ, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்தப் பொறுப்பின் பெரும்பங்கு பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாகாணப் பல்கலைக்கழகம் தன் அணி வெல்ல வேண்டும் என்பதற்காகக் கடல் கடந்தும் ஆள் தேடியது. அப்படி வந்த மாணவர் படிப்புச் செலவுக்கு ஈடாகக் கல்லூரிக்காக நீந்தினார். நான்கு ஆண்டுகளில் அவர் பெற்ற பயிற்சி, பிறகு அவருடைய தாய்நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கமாகத் திரும்பிச் சென்றது. ஒருவரும் திட்டமிட்டு அமைக்காத இந்த ஏற்பாடு, நீச்சலில் பெரும் வசதிகள் இல்லாத நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பயிற்சிக்கூடமாக மாறியது என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

கல்லூரி விளையாட்டை நெறிப்படுத்தும் அமைப்பு 1906இல் தோன்றி, 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயருடன், சுருக்கமாக என்.சி.ஏ.ஏ. என்று, அறியப்படுகிறது. அதன் தேசிய நீச்சல் போட்டி 1924இல் தொடங்கியது. அணிவாரியாகப் புள்ளிகள் கூட்டி வெற்றியாளரை அதிகாரபூர்வமாக அறிவிக்கும் முறை 1937இல் வந்தது. ஒலிம்பிக் போட்டி 50 மீட்டர் குளத்தில் நடைபெற, கல்லூரிப் போட்டி 25 கெஜம், அதாவது 22.86 மீட்டர், நீளமுள்ள குளத்தில் நடக்கிறது. இன்றைய முறைப்படி தேசியப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் பதினாறு பேர் அணிக்குப் புள்ளி ஈட்டுகிறார்கள். முதலிடத்துக்கு 20, இரண்டாம் இடத்துக்கு 17 எனத் தொடங்கும் இந்தக் கணக்கில், நால்வர் நீந்தும் தொடர் நீச்சலுக்கு இரட்டிப்புப் புள்ளி உண்டு. ஆகவே மூன்று தனிப் பிரிவுகளிலும் தொடர் நீச்சலிலும் நீந்தக்கூடிய ஒரே ஒரு மாணவர் அணியின் இடத்தையே மாற்றிவிட முடியும். பயிற்றுநர்களின் கண் உள்நாட்டைத் தாண்டிச் சென்றதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம்.

தொலைவிலிருந்து ஆள் கொண்டுவரும் பழக்கத்துக்கு முன்மாதிரியாக ஹவாய்த் தீவுகள் அமைந்தன. மாவி தீவின் கரும்புத் தோட்டத்தில் சோய்ச்சி சகமோட்டோ என்ற ஆசிரியர், பாசன வாய்க்கால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவைத்துத் தொழிலாளர் பிள்ளைகளைப் பழக்கினார். அவரிடம் தேறிய கியோ நகாமா, பில் ஸ்மித் ஆகியோர் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மைக் பெப்பியின் பயிற்சியில் நீந்தினர். ஸ்மித் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். ஹவாய் அப்போது மாகாணத் தகுதி பெறாத ஆட்சிப்பகுதியாக இருந்தபோதிலும் அவர்கள் அமெரிக்கக் குடிமக்களே. எனினும், கடலுக்கு அப்பாலிருந்து வரும் இளைஞர் ஓர் அணியின் தலையெழுத்தை மாற்ற முடியும் என்பதைப் பயிற்றுநர்கள் அவர்களைக் கொண்டே கண்டுகொண்டனர்.

1956இல் என்.சி.ஏ.ஏ., குடும்ப வருமானத்தையோ மதிப்பெண் சிறப்பையோ பாராமல், விளையாட்டுத் திறனை மட்டும் அடிப்படையாகக் கொண்டு கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள் ஆகியவற்றுக்கு உதவித்தொகை தர அனுமதித்தது. அதே ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா பதின்மூன்று நீச்சல் தங்கங்களில் எட்டை வென்றது. பதினேழு வயதில் மூன்று தங்கம் வென்ற முர்ரே ரோஸும், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வென்ற ஜான் ஹென்றிக்ஸும் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தனர். அந்தப் பல்கலைக்கழகம் பீட்டர் டாலண்டின் பயிற்சியில் 1960இல் தேசியப் பட்டத்தை வென்றது. ரோஸ் அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தைத் தக்கவைத்தார். கல்லூரிக்கும் தாய்நாட்டுக்கும் ஒருங்கே பயன் என்ற கணக்கு முதல் தலைமுறையிலேயே மெய்ப்பட்டது.

ஆனால் உரசலும் அந்தத் தலைமுறையிலேயே தொடங்கிற்று. 1964இல் ரோஸ் அமெரிக்காவிலேயே தங்கி, அங்கு உலகச் சாதனைகளைப் படைத்திருந்தும், ஆஸ்திரேலியத் தேசியப் போட்டிக்கு நேரில் வந்து கலந்துகொள்ளவில்லை என்பதால் டோக்கியோ ஒலிம்பிக் அணியில் சேர்க்கப்படவில்லை. வெளியே போன வீரர் யாருடைய வீரர் என்ற கேள்வி அன்றிலிருந்து ஒவ்வொரு நாட்டின் நீச்சல் சங்கத்திலும் எழுந்துகொண்டே இருக்கிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பிய ஆஸ்திரேலியா, 1981இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கியபோது, திறமையாளர்கள் உள்ளூரிலேயே உயர்பயிற்சி பெற வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

உதவித்தொகையைத் தேடி வந்தவர்களோடு, அடைக்கலம் தேடி வந்தவர்களும் இந்த வரலாற்றில் உண்டு. 1956 ஹங்கேரி எழுச்சி ஒடுக்கப்பட்டதைத் தொடர்ந்து நாட்டைவிட்டு வெளியேறிய யான் உர்பன்செக், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தேசியப் பட்டம் வென்ற அணியில் நீந்தினார். 1982இல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராகத் திரும்பிய அவர், பிரேசிலின் குஸ்தாவோ போர்ஜெஸைப் பயிற்றுவித்தார். 1992, 1996 ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற போர்ஜெஸ், மிச்சிகனின் 1995 பட்டத்துக்கும் தோள்கொடுத்தார். அகதியாக வந்தவர் ஆசிரியராகி, இன்னொரு கண்டத்திலிருந்து வந்தவரை வளர்த்தெடுத்ததில் இந்த ஏற்பாட்டின் இயல்பு துலங்குகிறது: கல்லூரிக் குளம் வாங்கிக்கொண்டதைத் திருப்பியும் தந்தது.

வெளிநாட்டவர் வரவு கூடக் கூட எதிர்ப்பும் கூடியது. தடகளத்தில் வயது முதிர்ந்த வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் பதினெட்டு வயது அமெரிக்க மாணவர்களோடு போட்டியிடுவதாகக் குறைகூறல் எழுந்தது. அதன் பயனாக, பத்தொன்பது வயதுக்குப் பிறகு அயல்நாட்டில் ஒழுங்குமுறைப் போட்டிகளில் கலந்துகொண்ட ஒவ்வோர் ஆண்டும் வெளிநாட்டு மாணவரின் கல்லூரித் தகுதிக் காலத்தில் கழிக்கப்படும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்த விதி நீதிமன்றத்தில் சோதனைக்குள்ளானது கால்பந்தில். கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகம், ஆப்பிரிக்க, கரீபிய மாணவர்கள் நிறைந்த அணியுடன் 1971இல் தேசியப் பட்டம் வென்றது. பின்னர் அப்பட்டம் பறிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில், வெளிநாட்டவரை மட்டும் குறிவைக்கும் இந்த விதி சட்டத்தின் முன் சமம் என்ற அரசமைப்புக் கோட்பாட்டை மீறுகிறது என்று 1973இல் தீர்ப்பு வந்தது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு வயதுக் கட்டுப்பாடு எதுவாயினும் உள்நாட்டார், வெளிநாட்டார் இருவருக்கும் பொதுவாகவே இயற்றப்பட வேண்டியதாயிற்று. நீச்சல் வீரர்கள் ஒருவரும் வழக்காடாமலேயே அவர்களுக்கும் கதவு அகலத் திறந்தது.

அந்தக் கதவின் வழியே வந்து புகழ்பெற்றவர்களில் டேவிட் வில்கி முக்கியமானவர். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1954இல் கொழும்பில் பிறந்த அவர், நீச்சல் பழகியதும் அந்நகரிலேயே. பதினொரு வயதில் எடின்பரோ விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1972 மியூனிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், அதாவது தவளைபோல் கைகால்களை விரித்து மடக்கி நீந்தும் பாணியில், வெள்ளி வென்ற பிறகு மயாமி பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையை ஏற்றார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான பதின்மூன்று நீச்சல் பிரிவுகளில் பன்னிரண்டில் அமெரிக்கர்களே தங்கம் வென்றனர்; எஞ்சிய ஒன்றை வில்கி பெற்றார். 200 மீட்டரை 2 நிமிடம் 15.11 விநாடியில் கடந்த அவர், அமெரிக்காவின் ஜான் ஹென்கன் வைத்திருந்த உலகச் சாதனையை மூன்று விநாடிக்கும் மேலாகக் குறைத்தார். நூறில் ஒரு பங்கு விநாடிக்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கும் விளையாட்டில் இது அரிதினும் அரிது. அமெரிக்கரின் முழு வெற்றியைத் தடுத்த ஒரே மனிதர் அமெரிக்கக் குளத்திலேயே பயின்றவர் என்பது, உதவித்தொகை முறை நாட்டு எல்லைகளைப் பார்த்து இயங்கவில்லை என்பதற்குத் தெளிவான சான்று.

தாய்நாட்டின் அரசியலால் ஒலிம்பிக் மறுக்கப்பட்டவர்களுக்குக் கல்லூரிப் போட்டியே உலக மேடையாகவும் இருந்தது. இனஒதுக்கலின் காரணமாகத் தென்னாப்பிரிக்கா விலக்கிவைக்கப்பட்டிருந்த காலத்தில், அலபாமா பல்கலைக்கழகத்தில் நீந்திய ஜான்ட்டி ஸ்கின்னர் மான்ட்ரியல் செல்ல முடியவில்லை. அங்கு அமெரிக்காவின் ஜிம் மாண்ட்கோமரி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 49.99 விநாடியில் கடந்து, 50 விநாடிக்குக் கீழே சென்ற முதல் மனிதரானார். சில வாரங்களுக்குள், 1976 ஆகஸ்ட் 14 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கின்னர் அதே தூரத்தை 49.44 விநாடியில் நீந்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் அமெரிக்க மாணவர்கள் கரையில் நிற்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பயின்ற ஸ்வீடனின் பார் அர்வித்சனும், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரிட்டனின் டங்கன் குட்ஹியூவும் அங்கு சென்று தங்கம் வென்றனர்.

பெண்களுக்கு இந்த வாய்ப்பு பிந்தியே வந்தது. கூட்டாட்சி அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஒன்பதாம் பிரிவு என்ற சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அதன் அழுத்தத்தால் பெண்கள் அணிகளுக்கும் உதவித்தொகை பெருகியது, என்.சி.ஏ.ஏ.யின் முதல் பெண்கள் நீச்சல் பட்டத்தை 1982இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் வென்றது. பிற்காலத்தில் நீச்சல் அணிக்கான முழு உதவித்தொகைகளின் உச்சவரம்பு ஆண்களுக்கு 9.9 என்றும் பெண்களுக்கு 14 என்றும் அமைந்தது; ஆண்களுக்கான அமெரிக்கக் காற்பந்து அணிகள் பெருமளவு உதவித்தொகையை எடுத்துக்கொள்வதை ஈடுகட்டவே பெண்கள் அணிகளுக்குக் கூடுதல் எண்ணிக்கை தரப்பட்டது. இந்த எண்ணிக்கையைப் பயிற்றுநர் துண்டுகளாக்கிப் பலருக்கும் பங்கிட முடிந்தது. ஒருவருக்கு முழுச் செலவு, மற்றொருவருக்குப் பாதி, இன்னொருவருக்குப் பாடநூல் செலவு மட்டும் என்று அமைந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பயின்ற தென்னாப்பிரிக்காவின் பென்னி ஹெய்ன்ஸ், 1996 அட்லாண்டாவில் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற முதல் பெண்ணானது இந்த மாற்றத்தின் கனி.

சிறிய நாடுகளின் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் இந்த ஏற்பாட்டின் முழுப் பெறுமதி புலப்படும். தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள சூரினாமைச் சேர்ந்த அந்தோணி நெஸ்டி, ஃப்ளோரிடாவின் போல்ஸ் பள்ளியில் பயின்று 1988 சியோல் ஒலிம்பிக்குக்குச் சென்றார். 100 மீட்டர் பட்டர்ஃபிளையில், இரு கைகளையும் ஒருசேர வீசி நீந்தும் அந்தப் பாணியில், முன்னணியில் இருந்த அமெரிக்காவின் மேட் பியோண்டி இறுதிச் சுவரை நெருங்கும்போது இன்னொரு வீச்சுக்கு இடமின்றி நீட்டிய கைகளுடன் மிதந்து வர, நெஸ்டி தம் வீச்சை முழுமையாக முடித்துச் சுவரைத் தொட்டார்: நெஸ்டிக்கு 53.00, பியோண்டிக்கு 53.01. அது சூரினாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம். தனிநபர் நீச்சலில் கறுப்பின ஆண் ஒருவர் பெற்ற முதல் தங்கமும் அதுவே. அதன் பின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 100 கெஜப் பட்டர்ஃபிளையில் மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற அவர், 2018இல் அங்கேயே தலைமைப் பயிற்றுநரானார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணிக்கே தலைமைப் பயிற்றுநராகச் சென்றார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பதக்கப் பட்டியல்களே மாறத் தொடங்கின. 2004 ஏதென்ஸில் 4×100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலை 3 நிமிடம் 13.17 விநாடி என்ற உலகச் சாதனையுடன் வென்ற தென்னாப்பிரிக்க நால்வரில் ரோலண்ட் ஷூமன், லிண்டன் ஃபெர்ன்ஸ், ரைக் நீத்லிங் ஆகிய மூவர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர்கள். அந்தப் போட்டியில் அமெரிக்காவுக்குக் கிடைத்தது வெண்கலம். அலபாமா மாகாணத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜிம்பாப்வேயின் கர்ஸ்டி கோவென்ட்ரி, 2004, 2008 ஒலிம்பிக் போட்டிகளில் ஏழு பதக்கங்கள் பெற்றார். அந்நாடு இதுவரை வென்ற எட்டில் எஞ்சிய ஒன்று 1980இல் பெண்கள் ஹாக்கி அணி பெற்றது. 2025 மார்ச்சில் அவர் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அப்பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கருமானார். அதே ஆபர்னில், முன்னாள் மாணவரான ஆஸ்திரேலியர் பிரெட் ஹாக்கின் பயிற்சியில் நீந்திய சீசர் சியேலோ, 2008இல் பிரேசிலுக்கு அதன் முதல் ஒலிம்பிக் நீச்சல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார்.

இத்தனை வெற்றிகளுக்கும் பயிற்சி முறையில் என்ன காரணம் என்பதைக் கெஜக் குளத்தின் நீளமே விளக்கும். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் நீந்துபவர் ஒரு முறை திரும்பினால் போதும். 25 கெஜக் குளத்தில் 100 கெஜம் நீந்துபவர் மூன்று முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்த பின், இடுப்பிலிருந்து கால்வரை அலைபோல் அசைத்து, நீருக்கடியில் 15 மீட்டர் வரை செல்ல பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தவிர்த்த பாணிகளில் விதி அனுமதிக்கிறது, 22.86 மீட்டர் குளத்தில் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எனவே நான்கு ஆண்டுகள் கல்லூரியில் நீந்துபவருக்குச் சுவர்த் திறனும் நீரடித் திறனும் ஊறிப்போகின்றன. இலையுதிர்காலம் முதல் வசந்தம் வரை, இரு கல்லூரிகள் ஒரே பிற்பகலில் மோதும் இருதரப்புப் போட்டிகள் அடிக்கடி நடப்பதால், களைத்த உடலோடு சில நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் குதித்துப் போட்டியிடவும் அவர்கள் பழகுகிறார்கள்.

எனினும் இந்த வாழ்க்கை எளிதானதல்ல. வெளிநாட்டு மாணவர் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் வருவதால், பருவந்தோறும் குறைந்தது 12 பாட அலகுகள் எடுத்து முழுநேர மாணவராகவே இருக்க வேண்டும். வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கப் பெரும்பாலும் அனுமதியில்லை. விடியற்காலைப் பயிற்சி, வகுப்பு, எடைப்பயிற்சி, மாலைப் பயிற்சி என்று நாள் ஓடும். 1991 முதல் கட்டாயப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேர வரம்பு உண்டு. கல்விக் கட்டணமாக வரும் தொகைக்கு வரியில்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வரும் தொகைக்கோ, தம் நாட்டுடன் வரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், 14 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும். 1973 முதல் பல பத்தாண்டுகள் உதவித்தொகை ஓராண்டுக்கே வழங்கப்பட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. பல்லாண்டு உதவித்தொகைக்கு 2012இல்தான் மீண்டும் வழி திறந்தது. தோள்மூட்டுக் காயத்தால் வேகம் குறைந்த அமெரிக்க மாணவர் உதவித்தொகையை இழந்தால் ஊருக்கு அருகே வேறு கல்லூரியில் சேரலாம். வெளிநாட்டு மாணவருக்கோ பணத்தோடு அந்நாட்டில் தங்கும் உரிமையே ஆட்டம் கண்டுவிடும்.

அமெரிக்கப் பெற்றோர் சிலரின் குறையும் புறந்தள்ளத்தக்கதல்ல. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் மாகாணப் பல்கலைக்கழகம், அம்மாகாணப் பிள்ளைகளை விடுத்து வெளிநாட்டவருக்கு உதவித்தொகை தரலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆண்கள் நீச்சல் அணிகளே குறைந்துவந்த சூழலில் இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் 1994இலும், நெப்ராஸ்கா 2001இலும் தம் ஆண்கள் அணிகளைக் கலைத்தன. ஆனால் அணிகளைக் கலைத்தது வெளிநாட்டு மாணவர் அல்லர். அமெரிக்கக் காற்பந்துக்கு மேலும் மேலும் பாய்ந்த நிதியும், அதனால் சுருங்கிய பிற விளையாட்டுகளின் பங்குமே காரணம். உலகத் தரமான போட்டியாளர் பக்கத்துத் தடத்தில் நாள்தோறும் நீந்துவதால் உள்ளூர் மாணவரும் வேகம் கூடுகிறார் என்பதையும் இங்கு சேர்த்து எண்ண வேண்டும்.

ஆசியாவில் இந்தப் பாதையின் சிறந்த எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் ஜோசஃப் ஸ்கூலிங். நெஸ்டி பயின்ற அதே போல்ஸ் பள்ளி வழியாக டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எடி ரீஸிடம் சேர்ந்த அவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.39 விநாடியில் கடந்து, மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்திச் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அதற்காக அவர் நாடு அளித்த பத்து லட்சம் சிங்கப்பூர் டாலரை, மாணவராக நீடித்துக்கொண்டே பெற்றுக்கொள்ள முடிந்ததற்கு 2015இல் வந்த விதித் திருத்தமே காரணம். அதுவரை அமெரிக்க மாணவருக்கு மட்டும் இருந்த ஒலிம்பிக் பரிசுச் சலுகை அத்திருத்தத்தால் வெளிநாட்டவருக்கும் நீண்டது. மிச்சிகனில் பயின்ற ஷிவோன் ஹோஹி, டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளிகளை வென்று, நீச்சலில் ஹாங்காங்கின் முதல் ஒலிம்பிக் பதக்கங்களைக் கொண்டுவந்தார்.

இந்த வரலாற்றின் உச்சம் 2024 பாரிஸ். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் போமனிடம் பயின்ற பிரான்ஸின் லியோன் மார்ஷான், அவ்வாண்டு வசந்தத்தில் அப்பல்கலைக்கழகத்துக்கு முதல் தேசியப் பட்டத்தை வென்று தந்த கையோடு தாய்நாட்டுக்கு நீந்தச் சென்றார். ஜூலை 31 மாலையில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக் 150 மீட்டர் வரை முன்னால் இருந்தார். கடைசித் திருப்பத்தில் சுவரை உதைத்து நீருக்கடியில் நெடுந்தூரம் சென்று எழுந்த மார்ஷான் அவரை எட்டிப் பிடித்து வென்றார். சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் வென்று, மொத்தம் நான்கு தனிநபர் தங்கங்களுடன் அந்த ஒலிம்பிக்கை முடித்தார். சுவர்த் திறன், நீரடித் திறன், ஒரே மாலையில் இருமுறை போட்டியிடும் தாங்குதிறன் என்று அன்று அவரை வெல்லவைத்த மூன்றும் கல்லூரிப் போட்டி நாள்தோறும் கேட்பவை.

இன்று இந்த ஏற்பாடு புதிய சோதனையைச் சந்திக்கிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு விளம்பர வருவாய் ஈட்டலாம். விசா நிபந்தனைகள் வெளிநாட்டவருக்கு அந்த வாய்ப்பைப் பெருமளவு தடுக்கின்றன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாடு, உதவித்தொகை உச்சவரம்பை நீக்கி, அதற்குப் பதிலாக அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. நீச்சலில் அது 30. கூடவே, கல்லூரிகள் தம் வருவாயை வீரர்களுடன் நேரடியாகப் பகிரவும் அது வழிசெய்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போய்ச்சேரும் நிலையில், வருவாய் ஈட்டாத நீச்சலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதே பயிற்றுநர்களின் கவலை.

கல்லூரி நீச்சலைக் கணக்குப் புத்தகத்தின் செலவுப் பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள், எழுபது ஆண்டுகளில் அது ஈட்டியதைக் காணத் தவறுகிறார்கள். ஜிம்பாப்வே, சூரினாம், சிங்கப்பூர், ஹாங்காங் ஆகியவை தனித்து நின்று இத்தகைய பயிற்சி அமைப்பை எழுப்பியிருக்க இயலாது. அமெரிக்காவும் நெஸ்டி, உர்பன்செக் போன்ற பயிற்றுநர்களை வேறு வழியில் பெற்றிருக்காது. முப்பது இடங்களில் சிலவற்றையேனும் அயல்நாட்டு மாணவருக்குத் திறந்துவைப்பதும், காயமுற்றாலும் படிப்பை முடிக்கும்வரை அவருடைய உதவித்தொகைக்கு உறுதியளிப்பதும் கல்லூரிகளின் கடமையாகும். தம் பிள்ளைகளை அனுப்பிப் பதக்கம் பெற்ற நாடுகளும், வென்ற பின் பாராட்டுவதோடு நில்லாமல், அவர்கள் அங்கு பயிலும் ஆண்டுகளின் செலவில் பங்கேற்க முன்வர வேண்டும்.